சுவிட்ச் போட்டதும் முதலில் விழிப்பது யார்? பூட்லோடரின் கதை

வைஃபை ரவுட்டரின் சுவிட்சைப் போட்டதும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு விளக்கு எரியும். சில வினாடி ஒன்றுமே நடக்காது. பிறகு மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டும். நெட் வர ஒரு நிமிடம்கூட ஆகலாம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் லினக்ஸ். ஆனால் லினக்ஸ் தானாக எழுந்து உட்காருவதில்லை. அதை யாரோ எழுப்ப வேண்டும். அந்த "யாரோ"வின் பெயர்தான் பூட்லோடர்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் இது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று சண்டை போடுபவர்கள்கூட, அவற்றுக்கு முன்னால் ஓடும் அந்தச் சில வினாடிகளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் ஒரு கருவி உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்வது அந்தச் சில வினாடிகள்தான்.

கோழியா, முட்டையா?

இயங்குதளத்தின் இதயப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னலும் ஒரு நிரல்தான். எந்த நிரலும் ஓட வேண்டுமானால் முதலில் அதை நினைவகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் ஏற்றுவது? கோழி முதலா, முட்டை முதலா என்ற அதே கேள்வி. தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் மனிதனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. "பூட்ஸ்ட்ராப்" என்ற சொல் அங்கிருந்து வந்து, சுருங்கி "பூட்" ஆனது.

தொடக்கத்தில் இந்த முடிச்சை அவிழ்த்தது மனிதக் கைகள்தான். 1952-ல் வந்த ஐ.பி.எம். 701 கணினியில் "லோட்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதல் துண்டு மட்டும் உள்ளே வரும். அந்தத் துண்டு அடுத்ததை இழுத்து வரும். 1975-ல் வந்த ஆல்டேர் 8800-ல் நிலைமை இன்னும் மோசம். முன்பக்கம் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில கட்டளைகளை ஒவ்வொரு பைட்டாக மனிதனே உள்ளே செலுத்த வேண்டும். ஒரு சுவிட்ச் தவறினால் மறுபடி முதலில் இருந்து!

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கணினி நிறுவப்பட்டது. அந்தக் குடும்பக் கணினிகளில் எந்தக் கருவியிலிருந்து முதல் துண்டை எடுக்க வேண்டும் என்பதை ஆபரேட்டர் குமிழ்களைத் திருப்பிக் குறித்துவிட்டு லோட் பொத்தானை அழுத்துவார். அதற்கு "இனிஷியல் புரோகிராம் லோட்" என்று பெயர். பெயர் நீளம், வேலை ஒன்றுதான்: உறங்கும் இயந்திரத்தை எழுப்புவது.

ஃப்ளாப்பியிலிருந்து நேராக

1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது எழுப்பும் வேலை பயாஸ் என்ற நிரலுக்குப் போனது. மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே அது இருக்கும். வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து நினைவகத்தில் வைத்து "இனி உன் பாடு" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். 512 பைட் என்றால் ஒரு குட்டி மின்னஞ்சல் அளவு. அதற்குள் எழுதிவிட வேண்டும், அடுத்து எங்கே போவது என்பதை.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது அந்த 512 பைட்டும் கெர்னலோடு ஒட்டியே வந்தது. கெர்னலை அப்படியே ஃப்ளாப்பியில் எழுதி, கணினியில் போட்டால் நேராக எழுந்துவிடும். இடையில் வேறு பூட்லோடர் தேவையில்லை. ஒரே வட்டில் பல இயங்குதளம் வைக்கும் தேவை வந்தபோதுதான் 1992-ல் லிலோவும், 1995-ல் க்ரப்பும் வந்தன. கெர்னல் பெருத்து ஃப்ளாப்பிக்குள் அடங்காமல் போகப் போக, 2.6 வரிசையில் நேராக எழும் அந்தப் பழைய வழி அடைக்கப்பட்டது.

ஆனால் ஆசை போகவில்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிக் 1999-ல் லினக்ஸ்பயாஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான கணினிகளைச் சேர்த்து ஒரே இயந்திரம் போல ஓட்டும் இடத்தில், ஒவ்வொன்றும் கீபோர்டைத் தேடி, திரையைத் தேடி, யாராவது விசையை அழுத்துவார்களா என்று காத்திருப்பது பெரிய தலைவலி. பயாஸையே தூக்கிவிட்டு அந்த இடத்தில் லினக்ஸ் கெர்னலை வைத்தால் என்ன என்பதுதான் அவர் கேள்வி. அந்தத் திட்டம் 2008-ல் கோர்பூட் என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. 2012-ல் வந்த லினக்ஸ் 3.3 முதல், பி.சி.யில் உள்ள யு.இ.எஃப்.ஐ. நிரலே கெர்னலை நேராக ஓட்டவும் வழி வந்துவிட்டது. வட்டம் போட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்தது போல!

பயாஸ் இல்லாத வீடு

இதெல்லாம் பி.சி.யின் கதை. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், மருத்துவக் கருவி, தொழிற்சாலை இயந்திரம் போன்றவற்றில் பயாஸ் கிடையாது. ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பூட்லோடரை எழுதி, பூட்டி வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

அதை மாற்றியவர் வொல்ஃப்காங் டெங்க் என்ற ஜெர்மானியர். பவர்பிசி சிப்புகளுக்காக மேக்னஸ் டாம் எழுதிய 8எக்ஸ்எக்ஸ்ரோம் என்ற சிறு நிரலை அடிப்படையாக வைத்து, 2000-ல் பி.பி.சி.பூட் என்ற பெயரில் இணையத்தில் வெளியிட்டார். அதிலிருந்து ஏ.ஆர்.எம். சிப்புகளுக்காக ஏ.ஆர்.எம்.பூட் என்ற கிளை பிரிந்தது. 2002 நவம்பரில் இரண்டும் மறுபடி ஒன்று சேர்ந்தன. இனி ஒரு சிப்பின் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது பொருந்தாது என்பதால் "யூ-பூட்" என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்று பொருள். எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணில் படாமல் ஓடும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

யூ-பூட்டின் உரிமம் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதைக் கருவியோடு விற்றால் மூலநிரலைத் தர வேண்டும். நிரல் எழுதியதோடு டெங்க் நிற்கவில்லை. அவருடைய டெங்க்ஸ் நிறுவனம், ஒரு போர்டை எழுப்புவது முதல் கெர்னல் ஏற்றுவது வரை படிப்படியாக விளக்கும் கையேடு ஒன்றையும் இலவசமாக வெளியிட்டது. புதிதாக இந்தத் துறைக்கு வந்த எத்தனையோ பேருக்கு அந்தக் கையேடுதான் வாத்தியார். 2012-ல் டாம் ரினி தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 2022-ல் டெங்க் காலமானார். அவர் எழுப்பிவிட்ட கருவிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பொறுப்பை ஒப்படைக்கும் ஒப்பந்தம்

சரி, பூட்லோடர் கெர்னலை எப்படி எழுப்புகிறது? ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதல் படி, சிப்புக்குள் தயாரிப்பின்போதே பதிக்கப்பட்ட சிறு நிரல். அதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாம் படியில்தான் சிக்கல். கெர்னல் பல மெகாபைட் இருக்கும். ஆனால் கரன்ட் வந்தவுடன் கைவசம் இருப்பது சிப்புக்குள் உள்ள சிறிய நினைவகம் மட்டும், சில பத்து கிலோபைட். வெளியே உள்ள பெரிய டி-ராம் நினைவகத்துக்கு வேகம், நேர அளவு எல்லாம் சொல்லிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். அதனால் யூ-பூட்டை இரண்டாக வெட்டினார்கள். எஸ்.பி.எல். என்ற குட்டி நிரல் முதலில் வந்து டி-ராமை எழுப்பும். பிறகு முழு யூ-பூட்டை அதில் ஏற்றும். முழு யூ-பூட் வந்ததும் திரை, நெட்வொர்க், மெனு எல்லாம் வரும். அது கடைசியாகக் கெர்னலை ஏற்றிவிட்டு அதற்குள் தாவும்.

"தாவும்" என்பதுதான் முக்கியம். திரும்பி வருவது கிடையாது. அதனால் தாவும் நொடியில் எது எது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஒப்பந்தம் வேண்டும். ஏ.ஆர்.எம். லினக்ஸுக்கு அந்த ஒப்பந்தத்தை ரஸ்ஸல் கிங் 2002 மே மாதம் எழுதி வைத்தார். சில பக்கம்கூட வராத ஆவணம். முதல் ரெஜிஸ்டரில் பூஜ்யம் இருக்க வேண்டும். இரண்டாவதில் இது எந்த வகை இயந்திரம் என்ற எண். மூன்றாவதில் விவரப் பட்டியல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. எம்.எம்.யு. அணைந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இதைப் பின்பற்றும் எந்தப் பூட்லோடரும் கெர்னலை எழுப்பலாம். கெர்னல் எழுதுபவரும் பூட்லோடர் எழுதுபவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த விவரப் பட்டியல்தான் பிற்பாடு "டிவைஸ் ட்ரீ" ஆனது. கடையை இன்னொருவருக்கு விற்கும்போது சாவியோடு சேர்த்துச் சரக்குப் பட்டியலையும் கொடுப்பார்கள் அல்லவா, அதே மாதிரி. இந்தப் போர்டில் நினைவகம் இவ்வளவு, சீரியல் போர்ட் இந்த முகவரியில், நெட்வொர்க் சிப் இங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். பட்டியல் இல்லாமல் சாவி மட்டும் கிடைத்தால் புது முதலாளி இருட்டில் தடவ வேண்டியதுதான்.

ஃபால்கன் என்ற குறுக்கு வழி

நல்லம்பள்ளியிலிருந்து சேலம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டீ குடித்து, எந்த பஸ் எப்போது என்று விசாரித்து, சீட் பிடித்து உட்கார்ந்து, மறுபடி நல்லம்பள்ளி வழியாகவே தெற்கே தொப்பூர் கணவாய் இறங்கிப் போகலாம். அல்லது ஊரிலேயே நின்று சேலம் பஸ்ஸை நேராக ஏறலாம். எங்கே போவது என்று தெரியாதவருக்கு பஸ் ஸ்டாண்ட் அவசியம். தினமும் சேலம் போகிறவருக்கு அது வீண் சுற்று.

யூ-பூட்டில் 2012-ல் சேர்க்கப்பட்ட "ஃபால்கன் மோட்" இந்த இரண்டாவது வகை. முழு யூ-பூட் என்ற பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், எஸ்.பி.எல். நேராகக் கெர்னலை ஏற்றி ஓட்டிவிடும். ஃபால்கன் என்றால் வல்லூறு. நேராகப் பாய்ந்து இரையைத் தொடும் பறவை.

இதில் ஒரு கேள்வி எழ வேண்டும். விவரப் பட்டியலைத் திருத்தி, கெர்னலுக்கு வேண்டிய கட்டளை வரியை அதில் எழுதித் தயார் செய்வது முழு யூ-பூட்டின் வேலை. அதைத் தவிர்த்தால் பட்டியலை யார் தயார் செய்வது? எஸ்.பி.எல்.லுக்கு அந்தத் திறமையும் இல்லை, இடமும் இல்லை.

விடை எளிமையானது. ஒருமுறை மட்டும் வழக்கமான வழியில் போக வேண்டும். முழு யூ-பூட்டை ஓட்டி, "எஸ்.பி.எல். எக்ஸ்போர்ட்" என்ற கட்டளையைக் கொடுத்தால், கெர்னலுக்குள் தாவுவதற்குச் சற்று முன்பு வரை எல்லா வேலையையும் செய்துவிட்டு அது நின்றுவிடும். தயாரான பட்டியல் நினைவகத்தில் இருக்கும். அதை ஃப்ளாஷில் சேமித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை முதல் எஸ்.பி.எல். அந்தச் சேமித்த பட்டியலையும் கெர்னலையும் அப்படியே எடுத்து, நேராகத் தாவிவிடும். கணக்கு எழுதுபவர்களுக்கு இது புரியும். போன வருடக் குளோசிங் பேலன்ஸ் இந்த வருட ஓப்பனிங் பேலன்ஸ். ஒவ்வொரு வருடமும் கடை தொடங்கிய நாள் முதல் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நினைவகத்தை மாற்றிவிட்டு, கட்டளை வரியை மாற்றிவிட்டு, மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய மறந்தால் கெர்னலுக்குப் போவது பழைய பட்டியல். சரக்கு ஒன்று, கணக்கு ஒன்று. இன்னொரு ஆபத்து, கெர்னலே கெட்டுப் போனால் திரும்ப வழி வேண்டும். அதற்காக ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதச் சொல்கிறார்கள். ஒரு பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறதா, சீரியல் வழியே ஏதாவது எழுத்து வந்ததா என்று அது பார்க்கும். பூஜ்யம் என்று பதில் வந்தால் நேராக லினக்ஸ். ஒன்று என்று வந்தால் முழு யூ-பூட். குறுக்கு வழி போட்டவர்கள் பஸ் ஸ்டாண்டை இடித்துவிடவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

சில வினாடி மிச்சப்படுத்த இவ்வளவு வேலையா என்று தோன்றலாம். அமெரிக்காவில் 2018 மே முதல் விற்கும் புதுக் கார்களில், ரிவர்ஸ் கியர் போட்ட 2 வினாடிக்குள் பின்பக்கக் கேமராப் படம் திரையில் வந்தாக வேண்டும் என்பது சட்டம். காரின் பின்னால் விளையாடும் குழந்தை டிரைவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வந்த விதி. சாவியைத் திருப்பிய உடனே ரிவர்ஸ் எடுப்பவர்கள் எத்தனை பேர்! அங்கே ஒரு வினாடியின் மதிப்பு வேறு.

சிம்ப்யூட்டரிலிருந்து சக்தி வரை

நம் நாட்டில் இந்தக் கதை எங்கே நிற்கிறது? 2001-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை அறிமுகப்படுத்தினார்கள். படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். உள்ளே லினக்ஸ். சந்தையில் அது ஜெயிக்கவில்லை. வடிவமைப்பு நம்முடையது, ஆனால் இதயத்தில் இருந்தது இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் சிப். அந்தச் சிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை இன்டெல் சொன்ன அளவுக்குத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அந்தக் குறையைப் போக்க முயன்றது சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு "சக்தி" என்ற பெயரில் ப்ராசஸரையே வடிவமைத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பு அதற்கு அடிப்படை. வடிவமைப்பின் மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது. 2018-ல் இன்டெலின் ஆரிகன் ஆலையில் தயாரான சிப்பில் லினக்ஸ் எழுந்தது. அதே ஆண்டு சண்டிகரில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்திலும் சக்தி சிப் தயாரானது. 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் சேர்ந்து, விண்வெளிப் பயன்பாட்டுக்காக ஐரிஸ் என்ற சக்தி சிப்பை எழுப்பிக் காட்டின. அதுவும் சண்டிகரில் தயாரானதே.

இந்தச் செய்திகளில் எல்லாம் "லினக்ஸ் பூட் ஆனது", "சிப் பூட் ஆனது" என்ற வரியே தலைப்பாக வருவது ஏன்? சிப் கூட்டல் கழித்தல் செய்தால் போதாதா? போதாது. கெர்னல் எழ வேண்டுமானால் நினைவகம், டைமர், இன்டரப்ட், முகவரி மாற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் சரியாக வேலை செய்ய வேண்டும். ஒன்று பிசகினாலும் திரை கறுப்பாகவே இருக்கும். எழுத்துப் பிழை இல்லாத முதல் வரி திரையில் ஓடினால், பல வருட உழைப்பு பாஸ் ஆகிவிட்டது என்று பொருள்.

ரிஸ்க்-ஃபைவ் உலகிலும் அதே இரண்டு வழிகள் உண்டு. பெர்க்லி பூட்லோடர் கெர்னலைத் தன் வயிற்றிலேயே சுமந்து வந்து நேராக எழுப்பும். 2019-ல் வந்த ஓப்பன்-எஸ்.பி.ஐ.யும் அப்படிச் செய்யும். வேண்டுமானால் நடுவில் யூ-பூட்டையும் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தமும் அதேதான், ரெஜிஸ்டரின் பெயர்தான் வேறு. முதலாவதில் எந்தக் கோர் என்ற எண், இரண்டாவதில் சரக்குப் பட்டியலின் முகவரி. 2002-ல் எழுதிய ஒரு சின்ன ஆவணத்தின் சிந்தனை, சிப் மாறினாலும் மாறவில்லை.

சாவி யாரிடம்?

இன்று பல சிப்புகளில், உற்பத்தியாளரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத பூட்லோடரை முதல் படி நிரல் ஏற்காது. திருட்டு நிரல் நுழையாமல் இருக்க அது தேவைதான். ஃபால்கன் வழியில் போனாலும் கையெழுத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை எஸ்.பி.எல். தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால்? நல்ல நிலையில் உள்ள பெட்டி குப்பைக்குப் போகும். காசு கொடுத்து வாங்கியவருக்கு அதை எழுப்பும் உரிமை இல்லை. பூட்லோடர் திறந்திருக்கும் பழைய ரவுட்டரிலோ, ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றி இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஆயிரம் ரூபாய்க்கு யோசித்து யோசித்துப் பொருள் வாங்கும் ஊர்களில் இது தத்துவம் அல்ல, வரவு செலவுக் கணக்கு.

ஒரு நாட்டுக்கும் இதே கணக்குதான். சிப் நம்முடையது, கெர்னல் எல்லோருடையது என்றாலும் இடையில் உள்ள அந்தச் சில கிலோபைட் அடுத்தவர் கையில் இருந்தால் சாவி அவரிடம்தான். டெங்க் மூலநிரலைத் திறந்து வைத்ததும், ரஸ்ஸல் கிங் ஒப்பந்தத்தை எழுதி வைத்ததும், சென்னையில் ஒரு குழு ப்ராசஸரையே திறந்து காட்டியதும் அதனால்தான் முக்கியம்.

அடுத்த முறை ரவுட்டர் விளக்கு கண் சிமிட்டும்போது அந்த மௌனமான சில வினாடிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே ஒருவர் கடையைத் திறந்து, சரக்குப் பட்டியலைச் சரிபார்த்து, சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியேறிக்கொண்டிருப்பார்.